கன்றோடு ஒரு துண்டுச் சீட்டும் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறந்தால் தங்கள் நாளிதழில் மரக்கன்று கொடுக்கும் படங்கள் வரத் தொடங்கிவிடும். பள்ளிக்கூட விழா, கல்யாண மண்டபத்து வாசல், கோயில் குடமுழுக்கு என்று எங்கும் ஒருவர் கன்றை நீட்ட, இன்னொருவர் வாங்கிக்கொண்டு நிற்பார். பார்க்கும்போது மனசு நிறையும். கூடவே ஒரு கவலையும் வரும். அது என்ன ரகம், எவ்வளவு ஆழத்தில் வைக்க வேண்டும், எந்தத் துளிரைக் கிள்ள வேண்டும் என்று வாங்கிப் போகிறவருக்கு யாராவது சொன்னார்களா? இந்த ஆடிக்கு முன்பே தங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று பங்குனியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான் பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வயது 64. வீட்டுக்குப் பின்னால் 35 சென்ட் கொல்லை. அதில் தென்னை, மா, பலா, சப்போட்டா, கொய்யா, எலுமிச்சை, பப்பாளி எல்லாம் உண்டு. விற்பதற்கு வைத்தவை இல்லை. வீட்டுக்கும், கேட்டு வருகிற அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும்தான். பாதி மரம் என் மாமியார் வைத்தது, மீதி நான் வைத்தது. இந்தக் கொல்லையில் நான் இழந்ததையும் மீட்டதையும் நினைத்துப் பார்த்துத்தான் இந்தக் கடிதம்.

2018 நவம்பர் 16, ஐப்பசிக் கடைசி நாள், விடியும் முன்பு கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று. ராத்திரி முழுக்க ஓட்டு வீட்டு நடுக்கூடத்தில் மூன்று பேர் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தோம். கொல்லையில் ஒவ்வொரு மரமும் விழுகிற சத்தம் தனித்தனியாகக் கேட்டது. தென்னை விழுந்தால் தரை அதிரும். பலாக் கிளை முறிந்தால் துணி கிழிவது போல் கேட்கும். விடிந்து கதவைத் திறந்தால் கொல்லைக்கு அப்பால் இருக்கும் குளம் வீட்டிலிருந்தே தெரிந்தது. அதுவரை ஒருநாளும் தெரிந்ததில்லை.

14 தென்னையில் 9 சாய்ந்து கிடந்தன. மாமியார் கொட்டை போட்டு வளர்த்த நாட்டு மா வேரோடு பெயர்ந்து பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகை மேல் கிடந்தது. பலாவின் தலை போய்விட்டது. சப்போட்டா அடியோடு விழவில்லை. ஒரு பக்கத்து வேர் மண்ணுக்குள் இருக்க, மறுபக்கத்து வேர் வானத்தைப் பார்க்கத் தரையோடு படுத்துவிட்டது. எலுமிச்சைக்கு மட்டும் ஒன்றுமில்லை. குட்டை மரம், முள் மரம், காற்று அதன் மேலேயே போய்விட்டது.

எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர 23 நாள் ஆனது. அதற்குள் மர வியாபாரிகள் வந்துவிட்டார்கள். கிடந்த மரத்தையெல்லாம் வந்த விலைக்குக் கொடுத்தோம். வேறு வழி இல்லை, கூரை போட ஓடு வாங்க வேண்டும். சப்போட்டாவையும் சேர்த்துக் கேட்டார்கள். வீட்டுக்காரர் சரி என்றுகூடச் சொல்லிவிட்டார். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. கடலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் தங்கை சொன்னது ஞாபகத்தில் இருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் கணக்கில்லாமல் சாய்ந்தன. அப்போது அவள் வீட்டில் சாய்ந்த ஒரு பலாவைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள், அது பிழைத்திருக்கிறது. "அக்கா, ஒரு பக்க வேர் மண்ணில் இருந்தால் மரம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். வெட்ட விடாதே" என்றாள்.

அன்றே வெளியில் தெரிந்த வேரையெல்லாம் ஈரச் சாக்கால் மூடினேன். தினமும் இரண்டு வேளை தண்ணீர் தெளித்தேன். மண் ஈரமாக இருக்கும்போதே தூக்கிவிட வேண்டும், காய்ந்தால் இருக்கிற வேரும் அறுந்துபோகும். முதலில் கிளைகளில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டினோம். அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. பால் வடிந்துகொண்டே இருந்தது. ஆனால் இருக்கிற கொஞ்ச வேர் அவ்வளவு இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. தெருப் பிள்ளைகள் ஐந்து பேர் வடம் கட்டி இழுத்தார்கள். ஒரே மூச்சில் இழுக்காமல் காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று இரண்டு நாளில் நிமிர்த்தினோம். விழுந்த தென்னையில் ஒரு துண்டை வெட்டி முட்டுக் கொடுத்தோம். வேர்மேல் மண் அணைத்து, வெட்டுக் காயத்தில் போர்டோ பசை பூசினோம். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, பத்து லிட்டர் தண்ணீர், இவ்வளவுதான் அந்தப் பசை. இரும்புப் பாத்திரத்தில் மட்டும் கலக்கக் கூடாது.

நாலு மாதம் அந்த மரம் மொட்டையாக நின்றது. வருகிறவர்கள் எல்லாம் விறகுக்கு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். பங்குனியில் அடிமரத்திலிருந்து துளிர் விட்டது. மூன்றாம் வருஷம் காய்த்தது. இன்றைக்கும் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடிதான் நிற்கிறது. பழம் மட்டும் பழைய பழம். எங்கள் தெருவில் இப்படிப் பாதி சாய்ந்த மரங்கள் இன்னும் ஏழெட்டாவது இருந்தன. எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள். நிறுத்தலாம் என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தங்கை சொல்லியிருக்காவிட்டால் தெரிந்திருக்காது.

அப்புறம் கன்றுகள் வந்தன. வெளியூர்களிலிருந்து முகம் தெரியாதவர்கள் லாரியில் அரிசியும் போர்வையும் கொண்டுவந்தது போலவே அடுத்த ஆடியில் மரக்கன்றும் கொண்டுவந்தார்கள். அந்த நல்ல மனசை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். எங்கள் தெருவில் 31 வீடு. வீட்டுக்கு இரண்டு கன்று, மொத்தம் 62. இன்றைக்கு நிற்பது 11. இந்தக் கடிதம் எழுதுவதற்காகப் போன வாரம் நானே வீடு வீடாகப் போய் எண்ணிவிட்டு வந்தேன். ஏன் போயிற்று என்றும் கேட்டேன். ஆடு கடித்தது சில. கோடையில் தண்ணீர் இல்லாமல் காய்ந்தது சில. மிச்சம் எல்லாம் வளர்க்கும் முறை தெரியாததால் போனவை. ஒரு வீட்டில் பிளாஸ்டிக் பையைக் கிழிக்காமல் அப்படியே குழியில் வைத்திருக்கிறார்கள். இன்னொரு வீட்டில் கன்று காற்றில் ஆடக் கூடாது என்று ஒட்டுப் பகுதி, அதாவது இரண்டு செடியைச் சேர்த்துக் கட்டிய இடம், மறையும்வரை மண் அணைத்து அழுகவிட்டிருக்கிறார்கள். ஒட்டில் சுற்றியிருந்த பாலிதீன் நாடாவை அவிழ்க்காததால் கழுத்து நெரிந்து, இரண்டாம் வருஷம் காற்றில் அந்த இடத்திலேயே ஒடிந்த கன்று ஒன்று. தென்னை நிழலில் கொய்யாவை வைத்துவிட்டு, காய்க்கவே இல்லை என்று பிடுங்கிப் போட்ட வீடும் உண்டு.

என் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எனக்குக் கொடுத்தவற்றில் ஒன்று நீலம் ஒட்டுமா. ஆசையாக வாங்கினேன். நீலம் மற்றப் பல ரகங்கள் போல ஒரு வருஷம் காய்த்து மறு வருஷம் ஓய்வெடுப்பதில்லை, வருஷா வருஷம் காய்க்கும். மற்ற மாம்பழம் எல்லாம் ஓய்ந்தபிறகு ஆனி, ஆடியில் வரும். நாட்டு மா நின்ற இடத்திலேயே, மூன்றடிக்கு மூன்றடி குழி வெட்டி, எரு போட்டு வைத்தேன். அடுத்த சித்திரை வெயிலில் மேல் பக்கம் கருகிவிட்டது. அழாத குறைதான். ஆனால் வைகாசியில் ஒரு மழை பெய்ததும் அடியிலிருந்து இரண்டு துளிர் செக்கச்செவேல் என்று வந்தது. தெருவில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஐந்து வருஷம் அதைப் பிள்ளை போல் பார்த்தேன். நெடுநெடுவென்று வளர்ந்தது. ஐந்தாம் வருஷம் பத்துப் பதினைந்து காய் நின்றது. பழுக்க வைத்து அறுத்தால் நாரும் புளிப்பும் பெரிய கொட்டையும். நீலத்தின் வாசனையே இல்லை.

ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். தோட்டக்கலையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி வந்து பார்த்துவிட்டு, "அம்மா, ஒட்டு செத்துப்போய் அடிக்கன்று துளிர்த்திருக்கிறது. நீங்கள் வளர்த்தது நீலம் இல்லை, நீலத்தைத் தாங்குவதற்காகப் போட்ட கொட்டை மா" என்றார். அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஒட்டுக்கன்று என்பது இரண்டு செடி. கீழே ஏதோ ஒரு மாங்கொட்டையிலிருந்து முளைத்த செடி, மேலே நமக்கு வேண்டிய ரகத்தின் குச்சி. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு முடிச்சு போல் இருக்கும். அந்த முடிச்சுக்குக் கீழே வருகிற துளிர் எதுவும் நம் ரகம் இல்லை. ஒட்டு உயிரோடு இருந்தாலும் அதைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் அது வேகமாக வளர்ந்து மேலே இருப்பதைப் பட்டினி போட்டுவிடும். இந்த நாலு வரியை 2019 ஆடியிலேயே யாராவது என் கையில் எழுதிக் கொடுத்திருந்தால் ஐந்து வருஷம் மிச்சமாகியிருக்கும். என் வயதில் ஐந்து வருஷம் என்பது சின்னக் கணக்கு இல்லை.

கன்று கொடுத்தவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. ஒட்டு பட்டுப்போனது வெயிலால், என் கவனக்குறைவால். ஆனால் எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் இதே கதை. அவர்களும் ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் மரத்தை வெட்டியே விட்டார்.

வெட்டவும் வேண்டாம் என்று அந்தத் தம்பிதான் சொன்னார். மரத்தை இடுப்பு உயரத்தில் அறுத்துவிட்டு, வருகிற புதுத் துளிர்களில் நல்ல திடமான ஆறை மட்டும் விட்டோம். மறு ஆடியில், காற்றில் ஈரம் இருக்கும் சமயமாகப் பார்த்து, பக்கத்து ஊர் நீலத்திலிருந்து பென்சில் கனத்தில் குச்சி வெட்டிவந்து ஆறிலும் ஒட்டுக் கட்டினார். குச்சி காயாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் பால் ஐஸ் கவரை மாட்டினார். மூன்று வாரத்தில் நாலு பிடித்துக்கொண்டது. வேர் ஏற்கெனவே ஆழமாகப் போயிருக்கிறது, அதனால் புதுக் கன்று வைப்பதைவிடச் சீக்கிரம் காய்க்கும்.

கொய்யாவில் வேறு பாடம். அது லக்னோ 49 என்ற ரகம். பெரிய காய், உள்ளே வெள்ளைச் சதை. மழைக்காலக் காய்ப்பு வந்தால் அறுத்த பழத்தில் எல்லாம் புழு. பிள்ளைகள் கடித்துவிட்டுத் துப்புவார்கள். இரண்டு வருஷம் பொறுத்துவிட்டு வீட்டுக்காரர் மரத்தையே எடுத்துவிடலாம் என்றார். அந்தப் புழு பழ ஈயின் குஞ்சு. காய் பழுக்கும் தறுவாயில் ஈ தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. பழம் விழுந்ததும் புழு வெளியே வந்து மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாகப் பறந்து வருகிறது. நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா ஐயா? விழுந்த பழத்தையெல்லாம் தினமும் கூட்டி மரத்தடியிலேயே எருவாகட்டும் என்று குவித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வருஷத்து ஈயையும் நானே வளர்த்திருக்கிறேன்.

இப்போது காலையில் எழுந்ததும் முதல் வேலை விழுந்த பழம் பொறுக்குவது. கனமான பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி வெயிலில் வைத்துவிடுவேன். உள்ளேயே புழு வெந்துபோகும். மரத்தடி மண்ணை அவ்வப்போது கொத்திவிட்டால் கூட்டுப்புழு வெயிலுக்கு வந்து சாகும், கோழியும் பொறுக்கும். எலுமிச்சை அளவு வந்த காய்க்குப் பழைய வேட்டித் துணியில் பை தைத்துக் கட்டுகிறேன். ஈயை இழுக்கும் மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள் வைத்த பொறி ஒன்றும் தொங்குகிறது. அதில் விழுவது ஆண் ஈ மட்டும்தான், அதை மட்டும் நம்பிக்கொண்டு பழம் பொறுக்காமல் இருந்தால் பலன் இல்லை. மரத்துக்கு ஒரு சொட்டு மருந்து அடிக்கவில்லை. போன மழைக்காலத்தில் பத்துப் பழத்தில் ஒன்றிரண்டில்தான் புழு.

மருந்து என்றதும் பப்பாளி ஞாபகம் வருகிறது. 2009 வாக்கில் கொல்லையில் ஆறு பப்பாளி நின்றது. மாவு தெளித்தது போல இலை, காய், தண்டு எல்லாம் வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது. கடையில் கொடுத்த மருந்தை மூன்று தடவை அடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆறையும் வெட்டிக் கொளுத்தினேன். பிறகுதான் தெரிந்தது, அது வெளிநாட்டிலிருந்து வந்த மாவுப்பூச்சி. 2008-இல் கோவையில்தான் நம் நாட்டில் முதலில் கண்டார்கள். 2010-இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒரு குளவியைத் தருவித்து, வளர்த்து, தோட்டங்களில் விட்டார்கள். ஊசி முனை அளவுதான் இருக்கும். அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு அதை அழிக்கிறது. கொஞ்ச காலத்திலேயே பூச்சி அடங்கிவிட்டது. மருந்து அடித்தால் பூச்சி மேலிருக்கும் மாவு அதைக் காப்பாற்றிவிடும், சாவது அந்தக் குளவிதான். நம் விவசாய விஞ்ஞானிகள் செய்த எவ்வளவு பெரிய காரியம் இது! எங்கள் ஊரில் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தங்கள் போன்ற நாளிதழ்கள் இதை மறுபடி மறுபடி எழுத வேண்டும்.

தென்னையில் வந்த சுருள் வெள்ளை ஈயும் அப்படித்தான். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தெரிந்தது, பிறகு எங்கள் பக்கமும் வந்துவிட்டது. ஓலையிலிருந்து தேன் போல் ஒழுகி, கீழே நின்ற கொய்யா, சப்போட்டா இலையெல்லாம் கரி பூசினாற்போல் ஆனது. லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்துத் தெளித்தால் அந்தக் கரி காய்ந்து செதில் செதிலாக உதிர்கிறது.

பலாவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். தலை போன பலா மறுபடி தழைத்துக் காய்க்கத் தொடங்கியபோது, விரல் நீளத்தில் பிஞ்சு பிஞ்சாகக் கறுத்து விழுந்தது. மரத்துக்கு நோய் வந்துவிட்டது என்று இரண்டு ராத்திரி தூங்கவில்லை. விழுந்தது பிஞ்சே இல்லை, ஆண் பூ. வேலை முடிந்ததும் அது கறுத்து விழத்தான் செய்யும். பெண் பூ தடித்த காம்போடு அடிமரத்தில் நிற்கும், அதுதான் பலாமூசாகிறது. இதற்கும் மருந்து அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் இதுதான். கன்று கொடுக்கிறவர்கள், அது அரசுத் துறையாக இருந்தாலும், அமைப்பாக இருந்தாலும், கல்யாண வீடாக இருந்தாலும், கன்றோடு ஒரு துண்டுச் சீட்டும் கொடுக்க வேண்டும். உள்ளங்கை அளவு போதும். மரத்தின் பெயர், ரகத்தின் பெயர், ஒட்டா விதைக்கன்றா, எத்தனை அடிக் குழி, எத்தனை வருஷத்தில் காய்க்கும் என்று இருக்கட்டும். பையைக் கிழித்து நடுங்கள், ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேல் இருக்கட்டும், ஒட்டு கூடிய பிறகு நாடாவை அவிழ்த்துவிடுங்கள், ஒட்டுக்குக் கீழே வரும் துளிரைக் கிள்ளுங்கள் என்று எளிய தமிழில் எழுதியிருக்கட்டும். பின்பக்கம், சந்தேகம் வந்தால் கேட்க வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தின் எண். ஒரு கன்றுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. இருநூறு கன்று கொடுக்கிற இடத்தில் நூற்றைம்பது கன்றும் சீட்டும் கொடுத்தால்கூட நிற்கும் மரம் அதிகமாக இருக்கும் என்பது என் கருத்து.

தங்களிடமும் ஒன்று கேட்கிறேன். கன்று வழங்கும் படத்தை வெளியிடும்போது அதற்குக் கீழே நாலு வரி, அந்த மரத்தை எப்படி வளர்ப்பது என்று போடுங்கள். ஒரு வருஷம் கழித்து அதே இடத்துக்கு நிருபரை அனுப்பி எத்தனை நிற்கிறது என்று எண்ணி எழுதச் சொல்லுங்கள்.

வருகிற வைகாசியில் என் பேத்திக்குக் காதுகுத்து. வருகிறவர்களுக்குக் கொடுக்க 80 எலுமிச்சைக் கன்றுக்குச் சொல்லியிருக்கிறேன், பெரியகுளம் 1 ரகம். சீட்டை நானே எழுதி ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன். பறவை எச்சம் போல் இலையில் ஒட்டிக்கொண்டிருப்பது எச்சம் இல்லை, வண்ணத்துப்பூச்சியின் புழு, கையாலேயே எடுத்துப் போடுங்கள் என்றும் அதில் சேர்த்திருக்கிறேன். ஒரு பிரதியை இந்தக் கடிதத்தோடு இணைத்துள்ளேன். பிழை இருந்தால் திருத்திச் சொல்லுங்கள், காதுகுத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

நீலத்தில் பிடித்த நாலு ஒட்டில் ஒன்றில் இந்தத் தையில் பூ வந்தது. இன்னும் இளசு, காயைத் தாங்காது. கிள்ளிவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
சத்துணவு அமைப்பாளர் (ஓய்வு),
பட்டுக்கோட்டை வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.